எதிரணியின் மைதானத்தில் ஒரு விரதம்

ஆராவுக்குக் குடிவந்த புதிதில் அந்த ஊரில் எனக்குப் பிடித்ததென்று ஒன்றுமில்லை. அதன் உதைபந்தாட்ட அணியைக் கண்ணில் காட்டக்கூடாது. எம்மன்புரூக்கேயில் பிறந்து, ஒன்பது வயதுவரை எங்கள் அணியின் நீலவெள்ளைச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வளர்ந்தவள் நான். ஆராவ்க்காரர் எங்களுக்குப் பரம எதிரிகள். அந்த எதிரிகளின் ஊரிலேயே அப்பா வேலையும் எடுத்து வீடும் எடுத்தார். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. எனக்கு அது சுத்தமான காட்டிக்கொடுப்பாகத்தான் பட்டது.

எங்கள் வீட்டில் எந்தப் பெரிய காரியத்துக்கும் அம்மனிடம் நேர்த்தி வைப்பார்கள். மாமாவுக்கு விசா கிடைக்க, சித்திக்குப் பிள்ளை பிறக்க என்று எப்போதும் யாராவது சாப்பாட்டில் எதையாவது விட்டிருப்பார்கள். வைத்த நேர்த்தியை வெளியில் சொன்னால் பலிக்காது என்பது அம்மாவின் சட்டம். ஆகவே குடிவந்த வாரமே திரிம்பாக்கில் இருக்கும் அம்மன் கோயிலுக்குப் போனபோது நானும் ஒருவருக்கும் சொல்லாமல் ஒன்றை வைத்தேன். எம்மன்புரூக்கேக்குத் திரும்பிப் போகும்வரை மச்சம் தொடமாட்டேன். மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. சம்மதமென்றால், ஆராவில் நடக்கப்போகும் ஆட்டத்தில் எங்கள் அணியை வெல்லவைத்து அம்மன் அடையாளம் காட்டட்டும். அம்மனுக்கு உதைபந்தாட்டம் தெரியுமோ என்ற சந்தேகம் எனக்கு வரவேயில்லை.

அந்த ஆட்டத்துக்கு எங்களை அழைத்துப் போனவர் சித்தப்பா. ஆராவில் நெடுங்காலம் இருந்து, ஊர்க்காரரைவிட ஊர்க்காரராகிவிட்ட மனிதர். அவர் கொண்டுபோய் நிறுத்தியது எதிரணி ஆதரவாளர்களின் நட்டநடுவில். பக்கத்திலேயே அப்பாவின் புது முதலாளி அம்மா, சிவப்புத் தொப்பியும் தானுமாக, மலைபோல நின்றார். அம்மா அவசர அவசரமாக என் சால்வையை ஜாக்கெட்டுக்குள் தள்ளி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

"வாயைத் திறக்காதை பிள்ளை. அப்பான்ர வேலையிடத்து ஆக்கள் நிக்கினம்."

நல்ல மனுசி அந்த முதலாளி அம்மா. எங்கள் எல்லாருக்கும் தன் செலவில் சுடச்சுடப் பிராட்வூர்ஸ்ட் என்ற இறைச்சிச் சொசேஜ் வாங்கிவந்து கையில் தந்தார். சுட்ட இறைச்சியின் வாசம் மூக்கைத் துளைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தின்றால் நேர்த்தி போச்சு, தின்னாவிட்டால் அப்பாவின் மானம் போச்சு. அம்மா தனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லித் தன்னுடையதை அப்பாவிடம் கொடுத்தார். நானும் முதலாளி அம்மா பார்க்காத நேரத்தில் என்னுடையதை அப்பாவின் மற்றக் கையில் திணித்தேன்.

"என்ன நீங்கள் ரெண்டு பேரும், என்னைக் கொல்லப் போறியளோ?" என்று அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். ஆனால் முதலாளி அம்மா திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே மென்றார். தன் புது ஆள் நன்றாகச் சாப்பிடுகிறான் என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் எங்கள் அணி கோல் போட்டது. சிவப்புக் கூட்டம் முழுவதும் செத்த வீடுபோல அடங்கியது. நான் மட்டும் துள்ளிக் குதித்துக் கத்தினேன். குதித்த குதியில் ஜிப் கழன்று, நீலச் சால்வை வெளியே வந்து விழுந்தது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். அப்பா வாயில் இருந்ததை விழுங்கவும் மறந்து நின்றார்.

முதலாளி அம்மா குனிந்து சால்வையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தன் புருஷனும் அந்த நீல அணியின் ஆள்தான், வீட்டில் ஒன்றைத் தாங்குகிறேன், வேலையிடத்தில் இன்னொரு குடும்பத்தையும் தாங்கமாட்டேனா என்று சொல்லி என் தலையைத் தடவினார். அப்பாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த ஒரு கோலிலேயே எங்கள் அணி வென்றது. அம்மன் அடையாளம் காட்டிவிட்டார். அன்றைக்கே என் விளையாட்டுச் சாமான்களையெல்லாம் பையில் கட்டி வைத்தேன். ஆனால் வீட்டில் வேறு ஒருவரும் ஒன்றையும் கட்டவில்லை. வாரக்கணக்காகப் பருப்பும் கத்தரிக்காயுமாகக் காத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை பள்ளியில்லாத மதியம், வீடெல்லாம் மீன் பொரிக்கும் மணம். அம்மா பெரிய துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்தார்.

"சாப்பிடு பிள்ளை. மூண்டு மாசம் பாத்திட்டுத்தான் வைப்பம் எண்டவை, இப்ப அப்பாவை நிரந்தரமாக்கிப்போட்டினம். அம்மன் எங்கட விரதத்துக்குக் கண் திறந்திட்டா. இனி நீயும் சாப்பிடலாம், நானும் சாப்பிடலாம்."

பிறகு அப்பாவைப் பார்த்து, "பாத்தியளே, நான் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. என்ர பிள்ளை தானாவே என்னோட சேர்ந்து மச்சம் விட்டவள்," என்று சொல்லி, எண்ணெய்க் கையோடு என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். அப்பா தன் தட்டிலிருந்த துண்டையும் எனக்கு எடுத்து வைத்தார்.

நாங்கள் இன்னும் ஆராவில்தானே இருக்கிறோம், இதில் இவர்கள் இவ்வளவு சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று விளங்காமலே இரண்டு துண்டையும் தின்றேன்.