எரியாத ஓட்டல்

ஆப்பிரிக்க நாடொன்றில் ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டதாகச் செய்தி வந்தபோது, பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் லோக்கல் சேனல் கருடசேவை நேரலைக்குக் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தது. நான் நியூஸ் எடிட்டர். ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. அந்த நாடு எங்கே இருக்கிறதென்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் திரையில் போட 'பிரேக்கிங் நியூஸ்' கார்டு தயார்.

பத்து மணிக்குப் போட்டிச் சேனல் ஒரு வீடியோவை ஓட்டியது. தலைநகரில் ஓட்டல் எரிகிறது, இந்தியத் தொழிலாளர்கள் உள்ளே. எங்கள் உரிமையாளர் தன் பட்டுக்கடை டிவியில் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"எல்லாரும் போட்டுக்கினு இருக்காங்க சார். நீங்க ரூல் பேசிக்கினு இருந்தா நாமதான் கடைசி."

"கடைசியாவே வருவோம்பா. வீடியோ எங்க எடுத்ததுன்னு தெரியட்டும்."

அதற்குள் கல்யாணி வந்துவிட்டார். பக்கத்துத் தெருவில் தறி நெய்பவர். கணவர் அந்த ஓட்டலில் சமையல்காரர். ராணுவம் நெட்டைத் துண்டித்திருந்ததால் காலையிலிருந்து அவருக்கு ஃபோன் போகவில்லை.

படத்தைச் சரிபார்க்க முதல் வழி, இடம் தெரிந்தவரிடம் காட்டுவது. தயங்கித்தான் கல்யாணியிடம் காட்டினேன். மூன்றாவது முறை ஓடும்போது நிறுத்தச் சொன்னார்.

"இது அந்த ஓட்டல் இல்ல சார். அது மூணு மாடிதான், வாசல்ல மாமரம். தெனமும் வீடியோ கால்ல காட்டுவாரு. இதுல மாடி ஏறிக்கினே போவுது."

நெட்டில் தேடினோம். வேறொரு நாட்டில் பல வருடங்களுக்கு முன் எரிந்த கட்டடம்.

அதற்காக இந்த ஓட்டல் பத்திரமாக இருக்கிறதென்று ஆகிவிடாது. நெட் போனாலும் சில சமயம் லேண்ட்லைன் பிழைத்திருக்கும். ஓட்டலின் நம்பரைத் தேடி ஃபோன் போட்டோம். பதினொன்றாவது முறை ரிசப்ஷனில் எடுத்தார்கள், தீ எதுவும் இல்லை என்றார்கள், கிச்சனுக்கு இணைத்தார்கள். ஸ்பீக்கரில் போட்டுக் கல்யாணியிடம் கொடுத்தேன்; பேசியது அவர் கணவர்.

"எங்க யாருக்கும் ஒண்ணும் ஆவலமா. பட்டாளத்துக்காரங்க நாப்பது பேரு வந்து உக்காந்துக்கினு இருக்காங்க. சப்பாத்தி சுட்டுக்கினு இருக்கேன்."

"இங்க ஊரே ஓட்டல் எரியுதுன்னு சொல்லுது. நீங்க சப்பாத்தி சுடறீங்களா?" என்றவர், அப்போதுதான் அழுதார்.

உரிமையாளர் அதை அப்படியே லைவில் விடச் சொன்னார். பக்கத்தில் துப்பாக்கியோடு நாற்பது பேர் இருக்கும் ஆளின் குரலை ஒளிபரப்பக் கூடாது என்றேன். ஒரு நிமிடம் முறைத்துவிட்டு ஒப்புக்கொண்டார். எரிவது அந்த ஓட்டல் அல்ல, தொழிலாளர்கள் நலம் என்று மட்டும் போட்டோம். யார் பெயரும் இல்லை.

மதியத்துக்குள் போட்டிச் சேனல் வீடியோவை எடுத்துவிட்டு, எங்கள் வரியையே 'பிரத்யேகத் தகவல்' என்று ஓட்டியது. என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டுப் பத்திரம் அதுதான். உரிமையாளர் சேலை வாங்க வந்தவர்களிடமெல்லாம் "நாமதான் ஃபர்ஸ்ட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நியூஸ் டெஸ்க்குக்குப் புதிதாக வருபவர்களுக்கு: வீடியோ வந்ததும் எங்கே எடுத்தது என்று கேளுங்கள். பிறகு அந்த இடத்துக்கே ஃபோன் போடுங்கள். பத்து முறை யாரும் எடுக்க மாட்டார்கள்.