சாம்பார் சாதத்துக்கு ஒரு மூடி தேடி

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் திருப்பூர் வேலம்பாளையத்தில் பஸ் ஏறினேன். மடியில் ஒரு தூக்குப்போசி. அதில் சுடச்சுட சாம்பார் சாதம். போக வேண்டிய ஊர் சேவூர். திருப்பூரிலிருந்து அவிநாசி பதினான்கு கிலோமீட்டர், அங்கிருந்து சேவூர் இன்னும் எட்டு.

பல்லடம் தாண்டி ஒரு கல்லூரி வாசலில் நானும் மனைவி ஈஸ்வரியும் தள்ளுவண்டியில் சாதம் விற்கிறோம். பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடையாது. வாங்கியதும் ஓடுவார்கள், பஸ்ஸில் நின்றபடியே சாப்பிடுவார்கள். இதுவரை பிளாஸ்டிக் டப்பாவில் கொடுத்தோம். திங்கட்கிழமையிலிருந்து அது கூடாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். இந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் மண்ணுக்குக் கெடுதல் இல்லாத வேறு டப்பா கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வண்டியை எடுத்துவிட வேண்டியதுதான். வாழையிலையில் கட்டிக் கொடுத்துப் பார்த்தோம். ஒரு பெண்ணின் ரெக்கார்டு நோட்டு முழுக்கச் சாம்பார் ஆகிவிட்டது.

"பேசறதுக்குக் கூச்சப்பட்டுட்டு அப்படியே திரும்பி வந்துறாதீங்க" என்று சொல்லித்தான் ஈஸ்வரி அனுப்பினாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆபீஸ் அறை என்றாலே எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும்.

அவிநாசியில் இறங்கி, பத்து ரூபாய் டிக்கெட்டில் சேவூர் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. இரண்டு பக்கமும் சோளத்தட்டு காய்ந்துகொண்டிருந்தது. தோட்டத்துக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. அதில்தான் கனகவல்லி என்பவர் பாக்குமட்டைத் தட்டு செய்கிறார். ஊறவைத்த மட்டையைச் சூடான அச்சில் வைத்து அழுத்தினால், புஸ்ஸென்று ஆவி விட்டுத் தட்டாக வெளியே வருகிறது. வெந்த மரத்தின் வாசம் கொட்டகை முழுக்க.

நான் கேட்டது வட்டத்தட்டு அல்ல. ஒரே கையில் பிடிக்கிற மாதிரி நீளமாக, மூடியோடு வேண்டும். பிள்ளைகளுக்கு இன்னொரு கை சாப்பிட வேண்டுமே.

"நீளமா பண்ணிரலாமுங்ணா. மூடிதானுங்க நிக்காது" என்றார் கனகவல்லி. "மட்டைக்குன்னு ஒரு பிடிவாதம் இருக்குதுங்க. சூடு பட்டா நெளிஞ்சுக்கும்."

நீள அச்சில் மூடியோடு நான்கு டப்பா அடித்துக் கொடுத்தார். சாதத்தை நிரப்பி மூடினோம். சொன்னபடியே ஒரு ஓரம் வாயைத் திறந்தது. ஸ்டேப்ளர் பின் அடித்தால் பிள்ளைகள் வாய்க்குள் போய்விடும். ரப்பர் பேண்டு சூட்டில் இளகி அறுந்துவிடுகிறது. கடைசியில் நூல் போட்டுக் கட்டினோம்.

"பஸ்ஸு குலுக்குனா தெரியுமுங்க" என்று சிரித்தார்.

தெரிந்தது. அவிநாசியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு டெய்லர் அம்மா உட்கார்ந்திருந்தார். பேச்சு தெற்கத்திப் பேச்சு. டிரைவர் ஒரு பிரேக் போட்டார். நூல் நழுவியது.

"அண்ணாச்சி, ஒங்க சாம்பாரு என் சேலைக்கு வந்துட்டு."

துண்டை எடுத்து நீட்டினேன். அவர் சேலையைத் துடைத்துவிட்டு, என் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து மூடி தளர்ந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸை எடுத்தார். அதைச் சுற்றி ஒரு துணி வளையம். அதைக் கழற்றி என் டப்பாவில் மாட்டினார்.

"இத போடாம நூலக் கட்டிக்கிட்டு அலையுதீயளே. நீங்க திருப்பூர்தானா?"

ரிப். டீசர்ட்டின் கைப்பட்டிக்குப் போடுகிற, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்குகிற துணி. குழாய் மாதிரிதான் பின்னி வரும். குறுக்கே வெட்டினால் வளையம், முடிச்சே வேண்டாம். பனியன் கம்பெனி கட்டிங் செக்சனில் இருபது வருசம் அந்தத் துண்டுகள் மேல்தான் நடந்திருக்கிறேன். அந்த அம்மாவைக் கும்பிட்டேன்.

"கும்பிடு கெடக்கட்டும், சேலைக்கு என்ன சொல்லுதீய?" என்று சொல்லிச் சிரித்தபடி இறங்கிப் போனார்.

திருப்பூர் பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பனியன் வேஸ்ட் துணி வாங்குகிற குடோன் ஒன்று எனக்குத் தெரியும். சாயம் ஏற்றாத, மட்காத லைக்ரா நூல் கலக்காத பருத்தி ரிப்பாகப் பொறுக்கி வளையங்கள் வெட்டிக்கொண்டேன். பல்லடம் பதினைந்து கிலோமீட்டர். தனியார் பஸ்ஸில் பாட்டும் ஓட்டமும் போட்டி போட்டன. வழியெல்லாம் டப்பாவைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

கல்லூரி அலுவலகத்துக்குள் போனபோது மணி இரண்டு. வண்டிக்கு அனுமதி கொடுக்கிற மேடத்தின் மேசை முழுக்கக் காகிதம். எங்கள் வண்டிக்குத் தினமும் வருகிற தாரணி என்ற பெண் ஏதோ கையெழுத்துக்காக அங்கே நின்றுகொண்டிருந்தாள். நான் டப்பாவை வைத்தேன். மேடம் அதை எடுத்தார். காகிதங்களுக்கு மேலேயே தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தார். காகிதம் காகிதமாகவே இருந்தது.

"டப்பா சரிங்க. இந்தத் துணி? நாளைக்குக் கேம்பஸ் பூரா இதுதானே கிடக்கும்? சாயம் வேற போகும்."

"சாயமே ஏத்தாத துணிங்க மேடம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

தாரணி இன்னொரு வளையத்தை எடுத்து, பின்னலைத் தூக்கி மாட்டிக்கொண்டாள். "இதை யாரு மேம் கீழ போடுவாங்க? கடையில இதுக்குக் காசு குடுத்து வாங்கறோம்."

"பசங்க?"

"அவனுங்க எங்களுக்குக் குடுத்துருவானுங்க மேம்."

மேடம் சிரித்துவிட்டார். "திங்கட்கிழமையிலிருந்து இதுலயே குடுங்க."

வெளியே வந்து பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அப்படி ஒரு பசி. பிள்ளைகள் செய்வதுபோலவே கம்பியை முழங்கையால் வளைத்துப் பிடித்து, அந்தக் கையிலேயே டப்பாவை வைத்துக்கொண்டு, மறு கையால் வளையத்தைத் தள்ளினேன். கழன்றது. நின்றபடியே சாப்பிட்டேன். பஸ் எவ்வளவு ஆடியும் டப்பா கையில் நின்றது. வாசலில் நின்று வருசக்கணக்காக விற்றிருக்கிறேன், இப்படி ஒருநாளும் தின்று பார்த்ததில்லை.

கண்டக்டர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, வாசம் தூக்குதுங்க. நல்லாருக்குதுங்களா?"

"உப்புக் கொஞ்சம் கம்மிங்க" என்றேன்.