எண்ணெய் தொடாத வைத்தியர்

எனக்கு எண்பத்து நான்கு வயது. பெற்றது ஐந்து, செத்துப்போன நாத்தனார் விட்டுப்போனது ஒன்று. ஆறையும் தேயிலைத் தோட்டத்தில் கூலிக்காரர்களுக்குக் கட்டிவிட்ட லயத்தில், ஒரே அறையில் வைத்து ஆளாக்கினேன். ஒருத்தர் வாசலில் போய்க் கையேந்தி நின்றதில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம். மழை விட்டுக் கொழுந்து நன்றாகத் தளிர்த்திருந்த சமயம். அப்போதெல்லாம் கூடையின் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, பாரத்தை முதுகில் தொங்கவிட்டுத்தான் கொழுந்து எடுப்போம். இரண்டு கையும் செடியின் மேல் இருக்கும். கூடையைத் தூக்குவது கழுத்துதான். வருஷக்கணக்காக அப்படித் தூக்கியதில் தோள்பட்டை இரண்டுக்கும் நடுவே கல்லை வைத்துத் தைத்தது போல இறுகிப்போயிற்று. வலது கை காதுக்கு மேல் எழும்பவில்லை. தலை வாரிக்கொள்ளக் கடைசி மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

என் வீட்டுக்காரர் மேல் மரம் சாய்ந்து கால் போனதில் வேலைப் பதிவிலிருந்து அவர் பேரை முன்பே வெட்டியிருந்தார்கள். லயத்து அறை என் பேரில்தான் நின்றது. என் பேரும் போனால் பிள்ளைகளோடு சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். அதனால் வலியை வெளியே காட்டியதில்லை.

கங்காணி எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். எடை போடும் இடத்தில் என்னைத் தனியாக நிறுத்தி, உடும்பஞ்சோலைக் கடைத்தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வருகிறார், கப்பலில் வேலைக்குப் போன இடத்தில் முதுகெலும்பு வைத்தியம் படித்தவர், போய்க் காட்டு என்றார். எனக்குச் சுருக்கென்றது. கொழுந்தில் ஈரம் என்று சொல்லிக் கிலோ கிலோவாகக் கழிக்கிற மனிதருக்கு என் முதுகின் மேல் என்ன அக்கறை? அவர் தங்கை மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, குடிவைக்க அறை தேடிக்கொண்டிருந்தது லயம் பூராவும் தெரியும்.

பக்கத்து அறை மதினியிடம் சொன்னேன்.

"கங்காணி நல்லது சொன்னாகன்னா அதைத் திருப்பிப் போட்டுப் பாக்கணும்," என்றாள். "ஆனா ஒனக்குக் கை தூக்கலைன்னா அவுக ஒண்ணுமே செய்ய வேண்டாமே. பேரு தானா போயிருமே."

அதுவும் சரிதான். அவளையும் கூட்டிக்கொண்டு, முந்தானையில் தைலக் குப்பியை முடிந்துகொண்டு போனேன்.

மளிகைக் கடைக்குப் பின்னால் ஓர் அறை. நீளமான பெஞ்சு, முகத்தைப் புதைத்துக்கொள்ள அதில் ஓர் ஓட்டை. தலைமாடு வடக்கே இருந்தது. வடக்கே தலை வைத்துக் கிடத்துவது யாரை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திருப்பிப் போட்டால்தான் படுப்பேன் என்றேன். வைத்தியரும் மதினியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருப்பினார்கள். குப்பியை நீட்டினேன். வேண்டாம் என்றார். எண்ணெய் தொடாமல் முதுகைத் தொடுகிற வைத்தியரை நான் கேள்விப்பட்டதே இல்லை. ரவிக்கை மேல் துண்டை விரித்து, பெருவிரலால் எலும்பு எலும்பாக அழுத்திக்கொண்டே வந்தார். மூச்சை விடச் சொன்னார். விட்டேன். மளுக்கென்று ஒரு சத்தம். மதினி சாமியைக் கூப்பிட்டாள்.

எழுந்ததும் நான் கையைத் தூக்கிப் பார்க்கவில்லை. பெஞ்சைத்தான் அழுத்திப் பார்த்தேன். ஆடுகிற பலகை போட்ட சத்தமாக இருக்கலாம் அல்லவா? பெஞ்சும் முனகியது. ஆனால் அது வேறு சத்தம். பிறகுதான் கையைத் தூக்கினேன். காதைத் தாண்டிக் கொஞ்சம் போயிற்று.

"சேச்சி, கூடை தலையில மாட்டினா இது திரும்ப வரும்," என்றார். "ஒரு மாசம் கூடை தொட வேண்டா."

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. ஒரு மாதம் கூடை எடுக்காதவள் பேர் எப்படி நிற்கும்? கங்காணி சொல்லிக் கொடுத்தாரா என்று நேராகவே கேட்டேன். எந்தக் கங்காணி என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, பேர் கூப்பிடும் களத்தில், பெண்கள் எல்லாரும் கூடி நிற்கும்போது முன்னால் போய் நின்றேன்.

"நீங்க சொன்ன ஆளுகிட்டயே காட்டிட்டேன். கூடை கூடாதுன்னுட்டாக. நாத்துப் பண்ணையில உக்காந்து பைக்கு மண்ணு அடைக்கேன். என் பேரு நிக்கும்லா?"

கங்காணி பென்சிலைக் காதில் செருகினார், எடுத்தார்.

"நிக்கும், நிக்கும். நிக்காதுன்னு நான் சொன்னேனா?"

அத்தனை பேர் காதில் விழுந்த சொல்லை அவரால் திரும்ப விழுங்க முடியவில்லை. அந்த மாதம் முழுக்க நாற்றுப் பண்ணையில் இருந்தேன். ஞாயிறுதோறும் போய் முதுகைக் காட்டினேன். ஒவ்வொரு தடவையும் பெஞ்சு எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்த்துத்தான் படுத்தேன். கல் கரைந்து புளியங்கொட்டை அளவுக்கு வந்தது. அதற்குக் கீழே இறங்கவில்லை. அவர் கையால் கரைந்ததா, கூடையை இறக்கி வைத்ததால் கரைந்ததா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கங்காணியின் தங்கை மகனுக்குக் கீழ் லயத்தில் அறை கிடைத்தது. அவர் மெய்யாகவே என் முதுகுக்காகச் சொன்னாரா, அறையைப் பறிக்கப் பார்த்தவரை நான் முந்திக்கொண்டேனா என்று இன்றைக்கும் தெரியாது. பென்ஷன் ஆகும் வரை நான் அதே அறையில் இருந்தேன், என் பேரில். அது தெரியும்.

எனக்கு எழுத்துக் கூட்டி என் பேர் எழுத மட்டும்தான் வரும். இதைப் பேத்தி எழுதுகிறாள். எழுதும்போது இடையில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

"ஏட்டி, முதல்ல இருந்து வாசி. கங்காணியை நல்லவராக்கி வச்சிருக்கியான்னு நான் கேக்கணும்."