கேள்விக்குறியாகிப்போன பிள்ளையார் சுழி

அது ஆனி மாதத்தின் கடைசி நாள், வியாழக்கிழமை. வழக்கம்போல் விடியற்காலையில் எழுந்து, பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, முந்தைய நாளின் நாட்குறிப்பை எழுதி முடித்தேன். காப்பி, குளியல், இட்லி. அபிராமபுரத்திலிருந்து பஸ்ஸில் தி.நகர் போய் இறங்கி, ஜவுளிக்கடையின் மாடியில் இருந்த என் கணக்கு அறைக்குள் நுழைந்தபோது, பழைய கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் புதியது உட்கார்ந்திருந்தது. அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தார் முதலாளியம்மா.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கணவர் காலமான பிறகு கடையைத் தனியாக நடத்தியவர். எதைத் தொடங்கினாலும் பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்குவார். பேரேட்டில் மட்டுமல்ல, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கிறுக்கும் கூட்டல் கணக்கில்கூட. கம்ப்யூட்டரைப் பொருத்த வந்திருந்த மெக்கானிக், "இன்னா பேர் போடணும்மா இதுக்கு?" என்று கேட்டபோதும் அவர் யோசிக்கவில்லை.

"உ போடுங்க. பொறவு லாபம்னு போடுங்க."

மெக்கானிக் தமிழிலேயே அப்படியே போட்டுவிட்டார். அந்தப் பெயரில்தான் விண்டோஸ் எங்கள் கோப்புகளுக்கெல்லாம் இடம் ஒதுக்கியது. எனக்கும் அது மிகச் சரியாகவே பட்டது.

மறுநாள் ஆடித் தள்ளுபடி தொடக்கம். முந்தைய ஆண்டு விலைச்சீட்டுகளைக் கையால் திருத்தியதில், ஒரே சேலையில் இரண்டு விலை இருக்கக் கண்ட ஒரு பெண்மணி, கூட்டத்தின் நடுவே "திருட்டுக் கடை" என்று கத்திவிட்டுப் போனார். முதலாளியம்மா அன்று சாப்பிடவில்லை. அதன் பிறகுதான் நான் வீடியோக்களைப் பார்த்து, இந்த வயதில், மலைப்பாம்பின் பெயர் கொண்ட பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு சிறிய நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். சரக்குப் பட்டியலைப் படித்து, தள்ளுபடி போக விலையைக் கணக்கிட்டு, ஸ்டிக்கராக அச்சிட்டுத் தரும். பழைய கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடியது. அந்தக் கம்ப்யூட்டர்தான் இப்போது போய்விட்டது.

"ஸ்டிக்கர் வரலைன்னா நாளைக்கு நான் கதவத் தொறக்க மாட்டேன் சார்," என்றார் முதலாளியம்மா. "கையால திருத்தின வெலைய இனிமே ஒருத்தரும் நம்ப மாட்டாவ."

பைத்தானை இறக்கி நிறுவினேன். கறுப்புத் திரையில் அதன் பெயரைத் தட்டினால், செயலிகளைப் பரப்பி வைத்திருக்கும் வேறொரு பக்கம் திறந்துகொண்டது. நான் நிறுவியது எங்கே போயிற்று? நிறுவும்போதே ஒரு சிறு கட்டத்தில் டிக் அடித்திருக்க வேண்டுமாம். நீக்கிவிட்டு, டிக் அடித்து, மறுபடி நிறுவினேன். இப்போது பைத்தான் வந்தது. ஸ்டிக்கருக்குத் தேவையான துணைக்கருவி வரவில்லை. திரை முழுக்கச் சிவப்பு எழுத்துகள். இணையத்தில் ஒருவர் பழைய பதிப்புதான் நல்லது என்றார். இன்னொருவர் புதியதைப் போடச் சொன்னார். மற்றொருவர் விண்டோஸையே விட்டுவிடுங்கள் என்றார். அதைத் தவிர எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். எதைச் செய்ததால் எது மாறியது என்று வரிசையாகக் குறித்துக்கொண்டே போகிறவன் நான்; அன்று அந்த வரிசையே எனக்குப் புரியாமல் போயிற்று.

மெக்கானிக்கைத் திரும்ப வரவழைத்தேன். "இன்னா சார், கரண்டு கீது, நெட்டு கீது, பிரின்டர் கீது. உன் பாம்பு மட்டும் படுத்துக்கினு கீது. ஆடி வெள்ளி வருது, கொஞ்சம் பால் ஊத்திப் பாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடிவிட்டு, பிழைச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி எழுத்தெழுத்தாகப் படித்தேன். கோப்புறையின் முகவரியில், எங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். அந்தத் துணைக்கருவிக்குத் தமிழ் எழுத்து படிக்கத் தெரியவில்லை. உ என்று எழுதிய வீட்டைத் தேடிப் போய், எந்த வாசல் என்று தெரியாமல் திரும்பித் திரும்பி வந்திருக்கிறது.

"அவ்ளோதானா மேட்டரு?" என்றார் மெக்கானிக். "அத்தத் தூக்கிட்டு இங்கிலீஷ்ல புதுசா ஒரு பேர் போட்ரு சார்."

ஆடி பிறப்பதற்கு முதல் நாள், முதலாளியம்மாவிடம் போய்ப் பிள்ளையார் சுழியை அழிக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் அழித்துவிட்டு, நாளை வியாபாரம் மந்தமானால்? எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை உண்டா இல்லையா என்பதே அப்போது தெரியவில்லை. பாதிப் படி இறங்கி, மேலே ஏறி, மறுபடி இறங்கிப் போய்ச் சொன்னேன்.

முதலாளியம்மா மடித்துக்கொண்டிருந்த சேலையைக் கீழே வைக்கவில்லை. "பிள்ளையாரு எதுக்கு சார் எந்திரிக்கணும்? மொதல்ல வந்து உக்காந்தவருல்லா. ஒங்க சாமானத் தூக்கிட்டு நீங்க வேற எடத்துல போய் உக்காருங்க."

திட்டினாரா, வேடிக்கையாகச் சொன்னாரா? மேலே வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான், வேறு இடம் என்று உண்மையிலேயே ஒன்று இருப்பது உறைத்தது. கம்ப்யூட்டரின் இன்னொரு பகுதியான டி டிரைவில் ஆங்கிலப் பெயரில் ஒரு கோப்புறை திறந்து, பைத்தானையும் அதன் தற்காலிகக் கோப்புகளையும் அங்கே குடிவைத்தேன். துணைக்கருவி மறுபேச்சில்லாமல் இறங்கியது. கடையில் விளக்கேற்றும் நேரத்துக்கு முதல் ஸ்டிக்கர் வெளியே வந்தது.

இப்போது நான் பெருங்குடியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். தேவையான கருவிகளை வேறு யாரோ எங்கிருந்தோ நிறுவித் தந்துவிடுகிறார்கள். எது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நான் கேட்பதில்லை. கடையை மகளிடம் ஒப்படைத்துவிட்டு முதலாளியம்மா ஊருக்குப் போய்விட்டார். நான் சொன்னதைப் புரிந்துகொண்டுதான் வழி சொன்னாரா, அல்லது முடியாது என்பதைத்தான் அப்படிச் சொன்னாரா? நாட்குறிப்பில் அவர் சொன்னது அப்படியே இருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் விளங்கவில்லை.

அந்த ஆடி முதல் நாள் காலை நான் கடைக்குப் போனபோது ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். கல்லாவின் முன்னால், வாடிக்கையாளர் நிற்கும் பக்கத்தில், ஒரு சுங்குடிச் சேலையோடு முதலாளியம்மா நின்றிருந்தார். "பில்லு போடுங்க சார்," என்றார். போட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பில்லையும் சேலையில் இருந்த ஸ்டிக்கரையும் அருகருகே வைத்துப் பார்த்தார். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்து, மீதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு வாசலுக்குப் போய், ஷட்டரை அவரே முழுவதுமாகத் தூக்கிவிட்டார்.