சித்தியின் நிரல் வெளியே கிளம்பியது

“என் கம்ப்யூட்டர்ல ஓடுறது உன் கம்ப்யூட்டர்ல ஏன்டி ஓடல?” என்று கேட்டாள் சித்தி.

“உங்களது விண்டோஸ், சித்தி. என்னோடது லினக்ஸ்.”

“ரெண்டும் கரண்ட்டுலதானே ஓடுது?”

“விசில் சத்தம் போட உங்க புரோகிராம் கூப்பிடுற ஆள், அதான் அந்தக் குட்டி நிரல், விண்டோஸ்ல மட்டும்தான் இருக்கான். இங்க அவன் கிடையாது.”

“அவன் கெடக்கான், விசிலை நானே ஊதிக்கிறேன்!” என்று அவனைக் கூப்பிட்ட வரிகளை நிரலிலிருந்து அழித்தாள். நிரல் திறந்தது. சித்தி நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினாள்.

என் அம்மாவின் தங்கையான அவள் நீச்சல் பயிற்சியாளர். குளத்திலிருந்து நேராக வந்து, தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்டத் தட்டச்சு செய்வாள். பிள்ளைகள் சுவரைத் தொடும்போது ஒரு விசையைத் தட்டினால் நேரத்தைக் குறித்து வரிசைப்படுத்தும் நிரலை அவளே கற்று எழுதியிருந்தாள். யார் கடிகாரம் சரி என்று ஒவ்வொரு போட்டியிலும் நடக்கும் சண்டையை ஒழிக்க வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். ஆனால் நடுவர் மேசையில் இருந்தது விண்டோஸ் இல்லாத ஒரு மேக் கணினி. ‘ஸ்டாப்வாட்ச் மாமா’ என்று எல்லோரும் அழைக்கும் மூத்த பயிற்சியாளர், போட்டிக்கு முந்தைய கூட்டத்தில் சொல்லிவிட்டார்: “உங்க புரோகிராம் உங்க வீட்டுக்குள்ளதாம்மா வீராப்பு காட்டும். இங்க ஒருதரம் சொதப்பினா, அப்புறம் எப்பவும் என் வாட்ச்தான்.”

சித்தியிடம் மேக் இல்லை. சோதித்துப் பார்க்க, வெளியாளாக என் கணினி ஒன்றுதான் இருந்தது. அதில் ஒரு பொய்ப் பந்தயம் நடத்தினோம். ‘முடிவுகள் சேமிக்கப்பட்டன’ என்றது நிரல். கோப்பைத்தான் காணோம். தேடு தேடு என்று தேடியதில், ‘C:\நீச்சல்\முடிவுகள்.txt’ என்ற முழு நீளப் பெயரோடு ஒரே கோப்பு என் அடைவில், அதாவது ஃபோல்டரில், உட்கார்ந்திருந்தது. என் கணினியில் அப்படி ஓர் இடமே கிடையாது.

“அடிப்பாவி! என் வீட்டு விலாசத்தையே புள்ளைக்குப் பேரா வச்சிருக்கு!” விக்கல் வரும்வரை சிரித்தாள். எனக்கும் வயிறு வலித்தது. பிறகு நிரலுக்குள் எழுதிவைத்திருந்த விலாசத்தை எடுத்துவிட்டு, எந்தக் கணினிக்குப் போனாலும் ‘இங்கே பயனரின் அடைவு எது?’ என்று கேட்டு, அங்கேயே சேமிக்கும்படி மாற்றினாள். “போற வீட்டுல எங்க உக்காரணும்னு கேட்டுட்டு உக்காரணும். அவ்வளவுதானே?”

போட்டியன்று மேக்கில் நிரல் திறந்தபோது சித்தி மூச்சுவிடவில்லை. முதல் பந்தயம் முடிந்தது. முடிவுகள் வரிசையாக வந்தன, கோப்பும் இருந்தது. சந்தோஷத்தில் சித்தி ஊதிய விசிலில் அடுத்த பந்தயப் பிள்ளைகள் நான்கு பேர் தவறுதலாகக் குளத்தில் குதித்துவிட்டார்கள்.

ஸ்டாப்வாட்ச் மாமா திரையைக் குனிந்து பார்த்தார். “பரவாயில்லையே,” என்று சொல்லி, கழுத்திலிருந்த வாட்சைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சித்தி என் காதருகே குனிந்தாள். “அவர் போன்லயும் ஓடுமான்னு பாக்கணும்டி. நான் கேட்டா குடுக்க மாட்டார். நீ பேசாத பொண்ணு, உன்னை நம்புவார். கொஞ்சம் வாங்கிட்டு வாயேன்.”