கடலுக்குள் போகும் ரோடு

இப்போது நாங்கள் இருக்கும் மின்னி பே வீட்டில் என் மகள் செல்வி லேப்டாப்பில் எங்கள் தீவுகளின் ரோடு மேப்புக்கு நிறம் கொடுத்துக்கொண்டிருந்தாள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் திருத்தலாம் என்கிற மேப் அது. பெரிய ரோடு சிவப்பு, மண்பாதை பழுப்பு. நான் வளர்ந்த கச்சால் தீவு வந்ததும் நிறுத்தினாள்.

"அரே, இந்த ரோடு கடலுக்குள்ள போகுதேப்பா. அழிச்சிடவா?"

அந்த வளைவை எனக்குத் தெரியும். சின்ன வயதில் ரப்பர் தோட்டத்தில் வேலை முடிந்து அப்பாவோடு அந்த வழியாகத்தான் வீட்டுக்கு வருவேன். அவர்மேல் புளித்த ரப்பர் பால் வாடை அடிக்கும். ஆளை ஆள் தெரியாதபடி புதர் மறைக்கிற வளைவு அது. அங்கே வந்ததும் அப்பா வாளியை இரண்டு தட்டு தட்டுவார். பின்னால் வருகிறவர்கள் பதிலுக்குத் தட்டுவார்கள். யாரும் விடுபடவில்லை என்று தெரிந்துகொள்ள அந்த வழக்கம்.

ஒருநாள் எல்லாரும் எங்களுக்கு முன்னால் போய்விட்டார்கள். அப்பா பழக்கத்தில் தட்டினார். பின்னாலிருந்து பதில் வந்தது.

"யாருப்பா அது?"

"திரும்பிப் பாக்காத. நம்மகூட வர்றவங்கதான். நட."

சுனாமி வந்த அன்று, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல், அப்பா வாளியோடு அந்த ரோட்டில்தான் போனார். நிலம் தாழ்ந்து ரோடு கடலுக்குள் போய்விட்டது. அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை.

நான் மேசையை விரலால் இரண்டு தட்டு தட்டினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கடல் பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள்.

"வெளிய யாருப்பா தட்டுறது?"

"அந்த ரோடு இருக்கட்டும்மா," என்றேன். "ஆள் வர்ற வழி."