உப்பங்கழியில் நட்ட கன்றுகள்

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டுவது என் வேலை. இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் முதலாளிக்குத் திடீரென்று இயற்கைமேல் பாசம் பொங்கியது. கடலோரத்தில் அலையாத்திக் கன்று நடப் போகிறோம், பெண் ஊழியர்கள் எல்லோரும் வர வேண்டும் என்றார் மேனேஜர். கடைப் புடவையைத்தான் கட்டி வர வேண்டுமாம், விளம்பரப் படத்துக்கு.

வாலாஜாபாத், செங்கல்பட்டு எல்லாம் தாண்டி, பாலாறு கடலைச் சேரும் பக்கம் ஓர் உப்பங்கழி ஓரத்தில் பஸ் நின்றது. மரமே இல்லை. கணுக்கால் உயரத்துக்கு உமரிச் செடி, பச்சையும் சிவப்புமாகக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை. நடுவே வாய்க்காலில் கடல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அதில் மீன் குஞ்சுகள் மொய்த்தன. பார்த்ததும் எனக்கு அந்த இடம் பிடித்துப் போயிற்று.

"சும்மா கெடக்குற தரிசும்மா. நாமதான் காடாக்கப் போறோம்" என்றார் மேனேஜர்.

உமரியைக் கொத்தி எறிந்து முன்பே குழி எடுத்து வைத்திருந்தார்கள். பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினோம். நீளச் சிவப்புக் கால் பறவைகள் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு சுற்றின.

"இன்னாத்துக்குக்கா இதுங்க இப்டி கத்திக்கினு இருக்குது?" என்று என்னோடு வேலை செய்யும் பெண் கேட்டபடியே ஓர் அடி பின்னால் வைத்தாள். ஏதோ நொறுங்கியது. செருப்பைத் தூக்கினாள். உடைந்த முட்டை ஓடு, மஞ்சள் கரு, அதற்குள் கண் திறக்காத ஒரு குஞ்சு. அவள் அங்கேயே வாந்தி எடுத்தாள்.

மேனேஜர் ஓடி வந்தார். "பொடவ, பொடவ! பொடவையில படாம பாத்துக்கம்மா!"

 

படம் எடுத்து முடிந்ததும் பிரியாணி. கன்றுகளிலிருந்து கிழித்த கறுப்புப் பைகளும் எலும்பு ஒட்டிய தட்டுகளும் அந்த வாய்க்காலிலேயே மிதந்தன. யாரும் குனியவில்லை.

மறு வருடமும் கூட்டிப் போனார்கள். நட்டவை குச்சிகளாகக் காய்ந்து நின்றன. பஸ் உள்ளே வருவதற்காக யாரோ செம்மண் கொட்டிப் பாதை போட்டிருந்தார்கள். அது வாய்க்காலை அடைத்துவிட்டது. பாதைக்குக் கடல் பக்கம் உமரி இருந்தது. இந்தப் பக்கம் உப்புப் பூத்து வெடித்த தரை, செத்த மீன்கள், மூக்கைத் துளைக்கும் நாற்றம்.

"சார், இந்த மண்ண வாரிட்டா தண்ணி உள்ள வரும். செடி தானா மொளைக்கும். நாம ஒண்ணும் நட வேணாம்" என்றேன்.

"அப்ப போட்டோவுக்கு இன்னா பண்றது?" என்றார் மேனேஜர். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார்.

நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். முட்டையை மிதித்தவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த வருடம் நாங்கள் இருவரும் போகவில்லை. சம்பளத்தில் பிடித்தார்கள். போய் வந்த பஸ் டிரைவர், பாதையை ஒட்டி இப்போது வீட்டு மனைக்கல் நட்டிருப்பதாகச் சொன்னார்.

முதல் வருடப் படம் பெரிதாகக் கடையில் தொங்குகிறது. போன வாரம் ஒரு கல்யாண வீட்டு அம்மாள் அதைப் பார்த்து, "எவ்ளோ நல்ல காரியம்! நீயும் நட்டியாம்மா?" என்றார்.

"நட்டேம்மா. நட்டதும் செத்துப்போச்சு, ஏற்கெனவே இருந்ததும் செத்துப்போச்சு."

 அவர் படத்தில் இருந்த என் புடவையைக் காட்டி, "இதே பார்டர்ல மாம்பழக் கலர் இருக்குதா?" என்று கேட்டார்.